ஆசிரியர் சுமந்த புத்தக மூட்டை

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கம்பம்மெட்டு. சோதனைச் சாவடியைக் கடந்ததும் பெயர்ப்பலகைகள் மலையாளத்திற்கு மாறிவிடுகின்றன. ஏலத்தோட்டங்களிலோ தமிழ்ப் பேச்சும் தொடர்ந்து கேட்கிறது. இம்மலையோரப் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொன்றும் பழகுகின்றனர். பாடநூல் அல்லாத ஒரு நூல் அவர்கள் கைக்கு வந்து சேருமாயின், அது பெரும்பாலும் ஆசிரியர் வழியாகவே வரும்.

அந்த ஆசிரியர் எதைப் படிக்கிறார்? ஊதியக் கணக்கு தொடர்பாக எம்மைக் காணவரும் ஆசிரியர்களிடம் இதைக் கேட்பதுண்டு. பணியில் சேர்ந்தபின் ஒரு நாவலைக்கூட முழுமையாக முடித்ததில்லை என்று ஒருவர் தயக்கத்துடன் ஒப்புக்கொண்டார். படிவங்களும் பதிவேடுகளும் மாலைப்பொழுதை விழுங்கிவிடுகின்றனவாம். சுற்றறிக்கைகளை மட்டுமே படித்து ஆண்டுகளைக் கழிக்கும் நாம் அவரைக் குறைகூற இயலுமா?

ஆயினும் இதே இடுக்கி மாவட்டத்தில் வேறு வகை ஆசிரியர் ஒருவர் உண்டு. முதுவர் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடிக்குப் பெட்டிமுடியிலிருந்து காட்டுவழியே பல மணி நேரம் நடக்க வேண்டியிருந்த காலம் அது. அங்குப் பணியாற்றிய ஆசிரியர் பி.கே. முரளிதரன், நண்பர்களுடன் புத்தகங்களைச் சுமந்து சென்று 2010இல் ஒரு நூலகம் தொடங்கினார். தேநீர்க்கடை நடத்திய பி.வி. சின்னத்தம்பி தமது குடிசைக் கடையிலேயே அதற்கு இடமளித்தார். இரண்டு சாக்கு மூட்டைகளில் 160 நூல்கள். உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். நூல் எடுக்க வருவோருக்குக் கட்டஞ்சாயா இலவசம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய கட்டுரையால் இந்நூலகம் வெளியுலகிற்குத் தெரிந்தது.

சின்னத்தம்பியின் பதிவேட்டின்படி 2013இல் இரவல் சென்றவை 37 நூல்கள். கடன் கணக்குகளிலேயே காலம் கழிக்கும் எமக்கு இது சிறு எண்ணாகத் தோன்றவில்லை. இருப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஒரு காட்டுக்குள், ஒரே ஆண்டில்!

அம்மூட்டைகளில் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது முதுவரின் மரபுவழிக் கதை. கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேலே, எல்லையிலேயே மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் அங்கு ஏறுகின்றனர். யாருக்கு எந்த நூல் பொருந்தும் என்பதை அறிய, நூலையும் அறிந்திருக்க வேண்டும், ஊரையும் அறிந்திருக்க வேண்டும். பட்டியல் பார்த்து வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பள்ளி நூலகங்கள் தவறுவது இவ்விடத்தில்தான்.

கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கரும் பள்ளி ஆசிரியரே. 1945இல் அவர் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை நிறுவினார். அவர் மறைந்த ஜூன் 19 அங்கு வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வாடிக்கையாளர்களுள் பலரது இல்லங்களில் படித்து முடித்த தமிழ் நூல்கள் இருக்கும். அவற்றை மலைப்பள்ளி ஒன்றிற்கு அளிக்க எண்ணுவோர், முதலில் அங்குள்ள ஆசிரியரிடம் பேசுங்கள். பிள்ளைகளுக்கான கட்டுடன், அவர் தமக்கென விரும்பிக் கேட்கும் இரண்டு நூல்களையும் சேர்த்து அனுப்புங்கள்.