"கொம்பியூட்டர் வேல செய்யுதில்ல தம்பி!"

இன்று மருந்துக் கடை முதல் மொத்த வியாபாரம் வரை பற்றுச்சீட்டு கணனியில்தான் அச்சாகிறது. கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் தொழிலில் எமது இளைஞர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். நானும் அவர்களில் ஒருவன். மென்பொருளை விற்பதைவிட, விற்ற பின்னர் வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதே கடினம்.

"கொம்பியூட்டர் வேல செய்யுதில்ல" என்பார் கடைக்காரர். பிரின்டரில் கடதாசி முடிந்திருக்கலாம். கெப்ஸ் லொக் அழுத்தப்பட்டிருப்பதால் கடவுச்சொல் ஏற்கப்படாதிருக்கலாம். நூற்றுக்கணக்கான சாமான்களின் விலையை மனதில் வைத்திருக்கும் அவருக்கு, எமது துறையின் சொற்கள் மட்டுமே தெரியாது.

1994இல் அமெரிக்காவின் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. "பிரெஸ் எனி கீ" என்று திரையில் தோன்றும்போது, 'எனி' என்ற விசை எங்கே இருக்கிறது எனக் கேட்டுப் பலர் அழைத்தனராம். அதனால் அவ்வாசகத்தை "பிரெஸ் ரிட்டர்ன் கீ" என்று மாற்றலாமா என கொம்பெக் நிறுவனம் ஆலோசித்தது. பலரும் சிரித்த இவ்விடயத்தில், அந்நிறுவனம் தனது வாசகத்தையே திருத்த நினைத்தது கவனிக்கத்தக்கது.

நான் கடைப்பிடிக்கும் சில முறைகள் இவை:

முதலாவது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கேட்பது. "ட்ரைவர் இருக்கா?" என்றால் அவர் தடுமாறுவார். "பிரின்டர்ல லைட் எரியுதா நானா? என்ன நிறம்?" என்றால் உடனே பதில் வரும். திரையில் செய்தி ஏதும் வந்தால், வட்ஸ்அப்பில் ஒரு படம் போதும்.

இரண்டாவது, மானத்தைக் காப்பது. "வயர் பூட்டியிருக்கா?" என்று கேட்டால் பாராமலே "ஓம்" என்பார். "வயரை ஒருதரம் கழற்றித் திரும்பப் பூட்டிப் பாருங்க ஹாஜியார்" என்றால், கழன்றிருந்த வயரும் பூட்டப்படும், யாருக்கும் வெட்கமுமில்லை.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு படி. அவர் செய்து முடித்தேன் என்ற பின்னரே அடுத்ததைச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து அவரது கணனியை இயக்குவதானால் அனுமதி கேட்டே இயக்க வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லை ஒருபோதும் கேட்கலாகாது.

நான்காவது, ஒரே கேள்வி மூன்று கடைகளிலிருந்து வந்தால் மென்பொருளைத் திருத்துவது.

இது வெறும் நற்பண்பு பற்றிய பேச்சல்ல. நான் அறிந்த ஒரு கடையில், காசாளர்த் தம்பி எதையோ கேட்கப்போய், மென்பொருள் கொடுத்தவரிடம் ஏச்சு வாங்கினார். அதன்பின் அவர் எவரையும் அழைக்கவில்லை. "பிரதி எடுக்கப்படவில்லை" என்ற எச்சரிக்கை தினமும் வந்தபோதும் "ஓகே"யை அழுத்தி மூடிவிட்டார். பின்னர் ஹாட் டிஸ்க் பழுதானபோது பல மாதக் கடன் கணக்கு அழிந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எந்தப் பதிவும் மிஞ்சவில்லை.

பொறுமைக்கும் கூலி உண்டு. எந்நேரம் அழைக்கலாம், வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நேரத்துக்குரிய விலை கிடைத்துவிட்டால், அதே கேள்வி பத்தாவது தடவை வந்தாலும் குரலில் சினம் ஏறாது. கடைக்காரர்களும் தயங்காமல் கேளுங்கள். கேட்காமல் விட்டதால் வரும் நட்டமே பெரியது.