சாக்கடையிலிருந்து கிணற்றுக்கு

காவிரியை நூறு கிலோ மீட்டர் தூரம் மேலேற்றிக் குடிக்கும் பெங்களூர், தான் கழித்துவிடும் நீரை என்ன செய்வது என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. விடை நாணலிலும் சேற்றிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு.

பெங்களூரின் வடக்கே, விமான நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கிறது ஜக்கூர் ஏரி. பரப்பு சுமார் 160 ஏக்கர். காலை வேளையில் கரைமேல் நடப்பவர்களுக்குக் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் கண்ணில் படும். மீனவர்கள் பரிசலில் வலை வீசுகிறார்கள். சாதாரண ஏரிக் காட்சிதான். அசாதாரணமான விஷயம், இந்த ஏரியை ஆண்டு முழுவதும் நிரப்புவது மழை அல்ல, சாக்கடை.

அதே நகரத்தின் தென்கிழக்கில் இருக்கும் பெல்லந்தூர் ஏரியையும் சாக்கடைதான் நிரப்பியது. கிட்டத்தட்ட 900 ஏக்கர் பரப்புள்ள, நகரத்தின் மிகப்பெரிய ஏரி. 2015-இல் அதன் மதகுகளிலிருந்து வெள்ளை நுரை மலைபோல எழும்பி, காற்றில் பறந்து, சாலையில் போனவர்களின் முகத்தில் அப்பியது. அந்த ஆண்டே நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியில் மீண்டும் தீ. 2018 ஜனவரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் எரியுமா என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் கேட்டன. அடியில் அழுகிய சேற்றிலிருந்து கிளம்பிய மீத்தேன் வாயு, மேலே காய்ந்து கிடந்த களைகள், மிதந்த எண்ணெய்க் கசடு, கொட்டிய குப்பை எல்லாம் சேர்ந்தால் எரியும்.

ஒரே நகரம், ஒரே சாக்கடை. ஒன்றில் மீன், இன்னொன்றில் நெருப்பு. இந்த வித்தியாசத்துக்குள்தான் பெங்களூரின் தண்ணீர் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

நாணல் செய்யும் வேலை

ஜக்கூரில் ஏரிக்கு மேற்புறம் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கப்பட்டு, பிறகு ஒன்றரைக் கோடி லிட்டராக விரிவாக்கப்பட்டது. இப்படிப்பட்ட நிலையங்கள் காற்றை ஊதி, பாக்டீரியாக்களை வளர்த்து, கழிவின் பெரும் பகுதியைத் தின்ன வைக்கின்றன. ஆனால் மனிதக் கழிவிலும் சோப்புத் தூளிலும் உள்ள நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளில் கணிசமான பங்கு தப்பிவிடும். வயலுக்கு இவை உரம், ஏரிக்கு விஷம். ஆகாயத் தாமரை ஒரே மாதத்தில் நீரை மூடிவிடுவது இந்த உரத்தால்தான்.

ஜக்கூரில் நிலையத்திலிருந்து வரும் நீர் நேரே ஏரிக்குள் விழுவதில்லை. இடையில் சம்பங்கோரையும் நீர்க்களைகளும் அடர்ந்த ஒரு சதுப்பு நிலம் உருவாக்கப்பட்டிருக்கிறது. அங்கே நீர் வேகம் குறைகிறது. கசடு படிகிறது. வேர்களைச் சுற்றி ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன. பாஸ்பேட்டில் ஒரு பகுதியைச் செடிகள் எடுத்துக்கொள்ள, இன்னொரு பகுதி சேற்றில் தங்குகிறது. அடுத்து பாசிகள். மிஞ்சியதை மீன்கள் தின்று, மீனை மனிதன் பிடித்துப்போகும்போது சத்து ஏரியை விட்டே வெளியேறுகிறது. மின்சாரச் செலவு ஏதுமில்லாத இந்தத் தொடர் ஓட்டத்தை அளந்து காட்டியவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் அவருடைய குழுவினரும். பெங்களூர் ஏரிகளுக்கு ஜக்கூர் ஒரு முன்மாதிரி என்பது அவர்களுடைய முடிவு.

இதற்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் உண்டு: சூழல் நீரியல். 1990-களில் போலந்து விஞ்ஞானி மாச்சே சலெவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் யுனெஸ்கோவின் நீரியல் திட்டத்தின் கீழ் வடிவம் கொடுத்த துறை. அடிப்படை எளிமையானது. நீரின் போக்கு உயிர்களைத் தீர்மானிக்கிறது. உயிர்கள் நீரின் தரத்தையும் அளவையும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்றைக் கருவியாகப் பயன்படுத்தலாம். சிமெண்டும் குழாயும் மட்டுமே தெரிந்த பொறியியலுக்கு, மரத்தையும் புல்லையும் பாக்டீரியாவையும் கூட்டாளிகளாகச் சேர்ப்பது.

ஊரும் ஏரியும்

புதுமை என்று சொல்லப்படும் இதில் பாதி பழையது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் இல்லாத மேட்டில் அமைந்த ஊர் பெங்களூர். இங்கே வாழ வந்தவர்களுக்கு மழையைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நகரின் கிழக்கே காடுகோடியில் உள்ள 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, பட்டந்தூரில் ஏரி வெட்டிய செய்தியைச் சொல்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் கெம்பெ கவுடா கோட்டை கட்டியபோது ஏரிகளையும் சேர்த்தே வெட்டினார். ஒரு ஏரி நிரம்பினால் வழிந்து ராஜகாலுவே எனும் பெருவாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்கு.

1896-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் குழாய்த் தண்ணீர் வந்தது. 1974-இல் காவிரி வந்தது. குழாயில் தண்ணீர் வந்தபின் ஏரி எதற்கு? தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமானது. தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தார் இன்றும் கரகத் திருவிழாவுக்கு அந்த ஏரியின் மிச்சமாக உள்ள சிறு குளத்தைத்தான் நாடுகிறார்கள். 1973-க்குப் பிறகான சுமார் நாற்பது ஆண்டுகளில் நகரின் நீர்நிலைப் பரப்பு 79 சதவீதம் சுருங்கிவிட்டது என்பது ராமச்சந்திரா குழுவின் கணக்கு.

குழாயை நம்பியதற்கு விலையும் உண்டு. தொரெகாடனஹள்ளியிலிருந்து ஹாரோஹள்ளி, தாதகுணி என்று படிப்படியாக பம்ப் செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரியைத் தூக்குகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் 4,300 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல். நகரோடு சேர்க்கப்பட்டும் பல ஆண்டுகள் குழாய் நீரைக் காணாத 110 கிராமங்களுக்கு இது அவசியம்தான். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் நடந்ததை மறக்க முடியாது. 2023 பருவமழை பொய்த்ததில் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றின. தன் வீட்டு ஆழ்துளைக் கிணறே வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். பிறகு அதே வாரியம் வறண்ட ஏரிகளில் சுத்திகரித்த கழிவுநீரை நிரப்ப முடிவு செய்தது. ஜக்கூரின் பாடம் நெருக்கடியில்தான் நினைவுக்கு வந்தது.

ஆறு எங்கே போனது?

திப்பகொண்டனஹள்ளி கதை இன்னும் கூர்மையானது. அர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்த நீர்த்தேக்கத்துக்கு வரத்து படிப்படியாகக் குறைந்து, 2012 வாக்கில் குடிநீர் எடுப்பதே நின்றது. மழை குறைந்துவிட்டது என்பது எல்லோருடைய விளக்கம். பெங்களூரில் உள்ள ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் வீணா சீனிவாசன், சரத்சந்திர லேலே உள்ளிட்ட குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மழையோ வெப்பமோ முக்கியக் காரணமில்லை. ஆற்றை உலர்த்தியிருக்கக்கூடியவை ஆழ்துளைக் கிணறுகள், தைலமரத் தோப்புகள், ஓடைகளின் குறுக்கே எழுப்பிய தடுப்புகள்.

காரணம் புரிந்துகொள்ள எளிது. நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்தவரை, மழை நின்ற பின்னும் ஊற்றாகக் கசிந்து ஆறு ஓடியது. மட்டம் நூற்றுக்கணக்கான அடி கீழே போனபின் ஆற்றுக்குக் கசிய எதுவுமில்லை. ஓடும் கொஞ்ச நீரையும் மண் உறிஞ்சிக்கொள்கிறது. ஆழ வேரோடும் தைலமரம், ராகி வயலைவிட அதிக நீரைக் குடிக்கிறது. ஆற்றைக் கொன்றவர்கள் ஆற்றங்கரையில் மட்டும் இருக்கவில்லை. அணைக்கட்டிலிருந்து பல மைல் தள்ளி மோட்டார் போட்டவர்களும் மரம் நட்டவர்களும்கூட. 2017-இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. நட்டவை நிற்கின்றன.

தமிழ்நாட்டுக்கு என்ன?

இதெல்லாம் பெங்களூர்க்காரர்களின் தலைவலி என்று ஓசூர்க்காரர்கள் சொல்ல முடியாது. பெங்களூர் ஒரு நீர்ப்பிரி மேடு. மேற்கே விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேர்கிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முதலில் எதிர்ப்படுவது ஓசூருக்கு அருகே உள்ள கெலவரப்பள்ளி அணை. பெல்லந்தூரில் பார்த்த அதே நுரை இங்கேயும் மதகில் பொங்குவது அடிக்கடி செய்தியாகிறது. அந்த நீரை நம்பித்தான் ஓசூர் வட்டார விவசாயிகள் பயிர் வைக்கிறார்கள்.

காவிரி வழக்கிலும் இந்த மேடு ஒரு சாட்சி. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது, தேவையில் பாதியை நிலத்தடி நீர் தரும் என்று கருதி நடுவர் மன்றம் பெங்களூருக்குக் குறைவாக ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் இதை மாற்றி, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி.யை பெங்களூருக்கென ஒதுக்கியது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய நீர் 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதம்தான் செலவாகும், மிச்சம் திரும்பிவிடும் என்பது நடுவர் மன்றம் கைக்கொண்ட கணக்கு. திரும்புவது நிஜம்தான். ஆனால் நகரத்தின் பெரும் பகுதியிலிருந்து அது காவிரிக்குத் திரும்புவதில்லை, தென்பெண்ணைக்குப் போகிறது. எந்தத் தரத்தில் போகிறது என்பதுதான் ஓசூரின் கேள்வி.

2018 முதல் அந்த நீரில் ஒரு பகுதி வேறு திசையில் திரும்பியிருக்கிறது. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின்படி நாளுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரைக் குழாய் மூலம் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புவது இலக்கு. நிரந்தர ஆறு இல்லாத, 1,000 அடிக்கும் கீழே துளைத்தும் தண்ணீர் கிடைக்காத, கிடைத்தாலும் புளோரைடு கலந்த மாவட்டம் அது. தொடங்கிய சில வாரங்களிலேயே லட்சுமிசாகர ஏரியில் நுரை எழுந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும். தடைகள் பின்னர் நீங்கின. ஏரிகள் நிரம்பின. சுற்று வட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் பதிவு செய்தன. ஆனால் அனுப்பப்படுவது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டுமே பெற்ற நீர். மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று கோலார் விவசாய அமைப்புகள் தொடர்ந்து போராடுகின்றன. மண் வடிகட்டும் என்பது உண்மை. மண்ணுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதும் உண்மை. ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் கிராமத்தில் இந்தச் சந்தேகத்தை விவசாயியின் தலையில் கட்ட முடியாது.

மந்திரம் இல்லை

ஜக்கூரும் மந்திரம் அல்ல. சுத்திகரிக்காத சாக்கடை பக்கவாட்டு வாய்க்காலில் புகுந்தால் சதுப்பு நிலம் தோற்றுவிடும். வளர்ந்த செடிகளை அவ்வப்போது அறுத்து அகற்றாவிட்டால், அவை அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் நீருக்கே திருப்பித் தரும். இடமும் வேண்டும்; ஏக்கர் கோடிகளில் விலைபோகும் நகரத்தில் நாணலுக்கு யார் நிலம் கொடுப்பார்கள்? எலஹங்கா எரிவாயு மின் நிலையத்துக்குச் சுத்திகரித்த நீரைக் கொடுக்கும் திட்டம் வந்தபோது, ஏரிக்கு மிஞ்சுமா என்ற கவலை எழுந்தது. ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத நீருக்கு இப்போது போட்டி.

பெல்லந்தூர் விவகாரத்தில் 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்து, சீரமைப்புக்கென 500 கோடியைத் தனியே ஒதுக்கச் சொன்னது. சேற்றை அள்ளும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. கெடுத்தபின் சீர்செய்ய ஆகும் செலவையும் ஜக்கூரின் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

சிறிய முயற்சிகளும் இருக்கின்றன. 2009 சட்டத் திருத்தம் முதல் பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேமிப்பு கட்டாயம். எஸ். விஸ்வநாத்தின் பயோம் அமைப்பு பத்து லட்சம் உறைகிணறுகள் என்ற இயக்கத்தை நடத்துகிறது. தோண்டுபவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு ஒட்டர் சமூகத்தார். கப்பன் பூங்காவில் மூடிக் கிடந்த பழைய கிணறுகளை அவர்கள் தூர் வாரியபோது தண்ணீர் திரும்ப வந்தது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிய ஊரில், சில பத்து அடிகளில் தண்ணீர்.

குழாயில் வரும் நீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் காவிரி எவ்வளவு கூடுகிறதோ, சாக்கடையும் அவ்வளவுக்கவ்வளவு கூடும். ஐந்தாம் கட்டம் கொண்டுவரும் 77.5 கோடி லிட்டரில் 62 கோடி லிட்டர் தினமும் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். அது போகும் வழியில் பெங்களூர் எத்தனை ஜக்கூர்களை உருவாக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வறிக்கை தேவையில்லை. கெலவரப்பள்ளி மதகில் நின்று பார்த்தால் போதும்.