முன் அச்சில் எண்ணெய் கசிகிறதா? சீலை மட்டும் மாற்றினால் போதாது

நம் சங்க உறுப்பினர்களில் இன்னும் சிலர் ஜிப்ஸி வண்டி வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு முசூரி, மணாலி என்று மலையேறுகிறார்கள். திரும்பி வந்த பின் முன் சக்கரத்தின் உட்புறம் கருப்பாக எண்ணெய் வழிந்திருப்பதைக் கண்டு, "இது பெரிய செலவா, சின்னச் செலவா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ரயில் பெட்டிகளின் அச்சுகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

1985 டிசம்பரில் மாருதி நிறுவனம் ஜிப்ஸியை அறிமுகப்படுத்தியது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-இல் நின்றுவிட்டாலும் ராணுவம், போலீஸ், மலைப் பகுதிகள் என்று அதன் ஓட்டம் நிற்கவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி இது. சாதாரணக் காரில் பின் சக்கரங்களையோ முன் சக்கரங்களையோதான் எஞ்சின் சுழற்றும். ஜிப்ஸியின் முன் சக்கரமோ சக்தியையும் வாங்க வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். பழைய ஜீப்புகளிலும் பல ராணுவ லாரிகளிலும் இதே நிலைதான். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

முன் அச்சு ஓர் இரும்புக் குழாய். அதன் நடுப்பகுதியில் டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் கியர் ஆயிலில் மிதக்கின்றன. குழாயின் இரு முனையிலும் பந்து போன்ற உருண்டையான கூடு இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் 'நக்கிள்' அந்தப் பந்தின் மேல் அமர்ந்து அசைகிறது. பந்துக்குள் இருக்கும் இணைப்புக்குக் கெட்டியான கிரீஸ் போட்டிருப்பார்கள். நடுவில் ஆயில், முனையில் கிரீஸ். இரண்டும் கலக்காமல் காப்பது குழாய் முனையில் உள்ள ஆயில் சீல்.

இந்தச் சீலை நம் வீட்டுக் குக்கரின் ரப்பர் வளையத்தோடு ஒப்பிடலாம். ஒரு வித்தியாசம், இது சுழலும் தண்டை அணைத்தபடி வேலை செய்ய வேண்டும். அதற்காக மெல்லிய ரப்பர் உதடும், அதைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு சிறிய சுருள் கம்பியும் உண்டு. 1930-களில் ஜெர்மனியில் இத்தகைய சீலைத் தயாரிக்கத் தொடங்கிய பிராய்டன்பெர்க் நிறுவனம் அடிப்படையில் தோல் பதனிடும் நிறுவனம். ஆரம்பத்தில் சீலின் உதடும் தோல்தான். ரப்பர் பிறகு வந்தது.

எந்தச் சீல் கசிகிறது?

பந்தின் மேல் மெல்லிய கிரீஸ் பூச்சு தெரிந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு. தண்ணீராகக் கரைந்த கிரீஸ் சொட்டினால் உள் சீல் போய்விட்டது. கியர் ஆயில் பந்துக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை அடிக்கும். பிரேக் பக்கமும் சக்கரத்தின் உட்புறமும் கிரீஸ் தெறித்திருந்தால் சக்கர பேரிங்கின் சீலையும் பார்க்க வேண்டும். கந்தக வாடை இல்லாமல், பெயின்ட்டை உரிக்கும் திரவம் வழிந்தால் அது பிரேக் ஆயில். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

இதில் அலட்சியம் ஆகாது. ஒரு பக்கத்து பிரேக்கில் எண்ணெய் பட்டால், பிரேக் போடும்போது வண்டி மறு பக்கம் இழுக்கும். மலை வளைவில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதும் தவறு. மாற்றத்தான் வேண்டும்.

சீல் ஏன் போகிறது?

முனிர்காவில் எங்கள் குடியிருப்பில் ஒரு கும்பகோணத்துக்காரர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் வண்டிக்கு எட்டு மாதத்தில் இரண்டு முறை சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை. மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டார். அச்சின் மேலே சுண்டு விரல் அளவில் 'பிரீதர்' என்ற காற்றுத் துளை உண்டு. சேறு இறுகி அது அடைபட்டிருந்தது. கம்பியால் குத்தியதும் 'புஸ்' என்று காற்று வெளியேறியது.

குக்கரின் வெயிட் குழாயில் பருப்பு அடைத்துக்கொண்டால் ஆவி ரப்பர் வளையத்தைப் பிளந்துகொண்டு வருமல்லவா? ரப்பரை மாற்றிக்கொண்டே இருந்தால் தீருமா? அதே கதைதான். ஓட்டத்தில் அச்சு சூடாகி உள்ளே காற்று விரிகிறது. வெளியேற வழியில்லாததால் ஆயிலைச் சீலின் வழியே தள்ளுகிறது. சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் நேர்மாறு. உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் இதுதான் காரணம்.

வேறு காரணங்களும் உண்டு. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவது. தண்டில் சீல் உராயும் இடத்தில் பள்ளம் விழுவது (நகத்தால் வருடினால் தட்டுப்படும்). கிங் பின் பேரிங் தளர்வது. கடைசியதைச் சோதிக்க, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ரயில்வேயில் ஆக்ஸில் பாக்ஸைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை அறிவது பழைய வழக்கம். சூடு ஓர் அறிகுறிதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அந்தப் பெட்டியை அனுப்பமாட்டார்கள். கசிவும் அப்படியே.

மெக்கானிக்கிடம் கவனிக்க வேண்டியவை

1. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்டும் சக்கரக் கட்டையும் அவசியம்.

2. தண்டை உருவுமுன் டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்துவிட வேண்டும். பிரேக் காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்ட வேண்டும்.

3. கிங் பின்களைக் கழற்றினால், மேல் ஷிம்மும் கீழ் ஷிம்மும் இடம் மாறக் கூடாது.

4. புதுச் சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயிலை, அதாவது டிஃபரென்ஷியலை, நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் சிறிது ஆயில் தடவி, சரியான அளவுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் அப்போதே கெட்டது.

5. தண்டைத் திரும்ப நுழைக்கும்போது அதன் பல் முனை சீலின் உதட்டைக் கீறாதபடி தாங்கிப் பிடிக்க வேண்டும்.

6. பந்துக்குள் இருக்கும் பழைய கலவையை முழுதும் துடைத்துப் புது கிரீஸ் போட வேண்டும். வெளிப்புற ஃபெல்ட், ரப்பர் வளையங்களையும் அப்போதே மாற்றுவது நல்லது.

7. பிரீதரைச் சுத்தம் செய்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும்.

காஷ்மீரி கேட் கடைகளில் சீல் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உதடு மிருதுவாக இருக்கிறதா என்றும் விரலால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது போய்ச் சேருமிடம் யமுனை. டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

இவ்வளவையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. வண்டியை விடும்போது "பிரீதரைப் பார்த்தீர்களா? தண்டில் பள்ளம் இருக்கிறதா?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு மிஸ்திரியும் கவனமாக வேலை செய்வார். மலைக்குப் புறப்படும் முன் முன் சக்கரங்களின் உட்புறத்தை ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து நிமிட வேலைதான்.