திங்கள் ஏறி ஞாயிறு இறங்கும் பயணம்

சமோவாவின் ஃபலியோலோ விமான நிலையத்திலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு வான்வழியில் சுமார் 150 கிலோமீட்டர். 19 பேர் அமரும் ட்வின் ஆட்டர் விமானம் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் திங்கள் காலை 10 மணிக்கு ஏறுகிறவர் இறங்கும்போது அங்கே ஞாயிறு காலைதான்.

இரண்டுக்கும் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வணிகத்துக்கு வசதியாக, 2011 டிசம்பர் 29 முடிந்ததும் சமோவா 30-ஐ விட்டுவிட்டு 31-க்குத் தாவியது. அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே நின்றது. கடிகாரத்தில் மணி ஒன்றுதான். தேதி மட்டும் ஒரு நாள் வேறு.

பணம் போவது இங்கேதான். சமோவாவிலிருந்து ஞாயிறு மாலை ஆக்லாந்து விமானத்தைப் பிடிக்க வேண்டியவர், பாகோ பாகோவில் ஞாயிறு மதியம் புறப்பட்டால் திங்கள் மதியம்தான் இறங்குவார். ஆக்லாந்து விமானம் முந்தின நாளே பறந்திருக்கும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தவை என்றால், பொதுவாக எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: திங்கள்முதல் செல்லும் காப்பீட்டோடு வருகிறவருக்கு, இறங்கும் ஞாயிறன்று பாதுகாப்பு இல்லாமல் போகலாம். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊரின் தேதி. பணம் கட்டும் முன் ஒவ்வொரு ஊரின் தேதியையும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது அவசியம்.

தேதி தவறிவிட்டால் வழி உண்டா? அமெரிக்க விதிகளில் ஒன்று இருக்கிறது. பயணத்துக்கு ஏழு நாளாவது முன்பாக விமான நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். அல்லது பணம் கட்டாமலே அதே கட்டணத்தில் 24 மணி நேரம் இடத்தைப் பிடித்து வைக்க நிறுவனம் அனுமதிக்க வேண்டும். ஆனால் இது 30 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள விமானத்தை இயக்கும் நிறுவனங்களுக்கே பொருந்தும். சிறு விமானங்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் கட்டண நிபந்தனையை முதலில் படிப்பது ஒன்றே காப்பு. இடம் மிகையாக விற்று ஏற்ற மறுத்தால் கிடைக்கும் அமெரிக்க இழப்பீடும் 19 இருக்கை விமானத்துக்குக் கிடையாது. தீவுப் பயணிகளுக்கு இது பெரிய குறை.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் கதை வேறு. அமெரிக்கப் பகுதிக்கு வந்துபோகும் விமானம் ரத்தானாலோ, சர்வதேசப் பயணத்தில் 6 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலோ, மாற்று விமானத்தை ஏற்காதவருக்குக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் 7 வேலை நாட்கள், மற்ற வழிகளில் 20 நாட்கள் கெடு. வவுச்சர் நீட்டினால் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ரத்துச் செய்தியையும் ரசீதையும் பத்திரப்படுத்தி எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையிடம் இணையவழியே புகார் அளிக்கலாம்.