உடல் நடத்தும் சிக்கனக் குடித்தனம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சிக்கனம் என்றால் என்ன என்பதை மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அறியலாம். சேகோ மில்லில் குச்சிக்கிழங்குத் தோல் சீவும் என் தாயார், கையிலிருக்கும் நூறு ரூபாயை நான்கு நாட்களுக்கு நீட்டிவிடுவார். அதே வித்தையை நம் உடலும் அறிந்திருக்கிறது என்பதை வைட்டமின் 'சி' பற்றிப் படித்தபோது கண்டு வியந்தேன்.

ஆடும் மாடும் இந்த வைட்டமினைத் தம் ஈரலிலேயே தயாரித்துக் கொள்கின்றன. மனிதனுக்கு அதன் கடைசிப் படிக்கு வேண்டிய என்சைம் இல்லை. உணவில் வந்தால்தான் உண்டு. நன்றாக உண்பவர் உடலில் சுமார் 1500 மில்லிகிராம் இருப்பு இருக்கும்.

வரவு குறைந்தால் உடல் என்ன செய்கிறது? 1000 மில்லிகிராமுக்கு மேல் ஒரே வேளையில் விழுங்கினால் பாதியைக்கூட ஏற்காத குடல், சிறிதளவு வரும்போது ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சிக் கொள்கிறது. மிகுதியைச் சிறுநீரில் தள்ளும் சிறுநீரகம், பற்றாக்குறையில் அதை மீட்டு இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மூளையோ தன் பங்கை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

நாள்தோறும் இருப்பில் சுமார் 3 சதவீதம் செலவாகிறது. 1500 இருந்தால் 45 மில்லிகிராம். 300 இருந்தால் 9 மட்டுமே. வரவுக்குத் தக்க செலவு! இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1944இல் தொடங்கிய சோதனையில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராமே ஸ்கர்வி நோயைத் தடுத்தது இதனால்தான்.

ஆனால் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. இருப்பு 300க்குக் கீழே இறங்கினால் ஈறு வீங்கி இரத்தம் கசியும், புண் ஆறாது.

சென்ற கோடையில் என் தாயாருக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் "என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. காயையும் கீரையையும் எங்களுக்கு வைத்துவிட்டு, அவர் வெறுங்கஞ்சியோடு நிறுத்திக் கொண்டிருந்தார்.

மருந்து தொலைவில் இல்லை. 1940 வாக்கில் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வியைத் தீர்க்க உதவியது நெல்லிக்கனி. நூறு கிராமில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம்! கல்வராயன் மலையிலிருந்து அது நம்மூருக்கே வருகிறது. கொய்யாவிலும் இருநூறுக்கு மேல் உண்டு.

நண்பர்களே! உடல் சிக்கனம் செய்யும்போது குரல் எழுப்புவதில்லை. தாய்மாரும் அப்படியே. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள்.