டீம்ஸ் டெவலப்பர் பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் ஒரு விளக்கம்



சென்ற மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஓராண்டு ஆகிறது. இரண்டு இன்டர்வியூவில் தேறவில்லை. நகரத்தில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்திருந்தார். ‘டீம்ஸ், ஸ்லாக் டெவலப்பர் பயிற்சி, நான்கு மாதம், 78,000 ரூபாய், வேலை உறுதி’ என்று அதில் இருந்தது. “பாதியை டிரஸ்ட் கொடுத்தால் போதும் அண்ணே, மீதிக்கு என் வளையலை வைத்துவிடுகிறேன்” என்றார்.

வளையலை வைப்பது என்றால் வட்டிக்குத்தான். ஸகாத் நிதியிலிருந்து 39,000 ரூபாய் என்பதும் சிறு தொகை அல்ல. அதனால் கல்விக் குழு கூடுவதற்கு முன், சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலையிலேயே இருக்கும் நமது ஊர்ப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் கேட்டு விசாரித்தேன். இதே நோட்டீஸ் வேறு வீடுகளுக்கும் போயிருக்கிறது என்று தெரிந்ததால் விசாரித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன வேலை? இன்று பெரும்பாலான கம்பெனிகளில் ஊழியர்கள் பேசிக்கொள்வதும், கோப்புகளைப் பகிர்வதும், மீட்டிங் நடத்துவதும் ஒரே மென்பொருளுக்குள் நடக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் டீம்ஸ், ஸ்லாக், நம் தமிழ்நாட்டு ஸோஹோ நிறுவனத்தின் கிளிக் ஆகியவை இந்த வகை. பார்ப்பதற்கு வாட்ஸ்அப் குரூப் போலத்தான் இருக்கும். ஸ்லாக் பிறந்த கதை சுவையானது. ஒரு சிறு கம்பெனி ‘கிளிட்ச்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கியது. விளையாட்டு எடுபடாமல் 2012இல் மூடப்பட்டது. ஆனால் அதை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவி நன்றாக இருந்தது. அதையே ஸ்லாக் என்று வெளியிட்டார்கள். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை 2,700 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது.

வாட்ஸ்அப்பிலிருந்து இது வேறுபடும் இடம், ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வேண்டிய சிறு செயலியை இதற்குள்ளேயே செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒரு தோல் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் லீவு லெட்டர் எழுதுவார், சூப்பர்வைசர் கையெழுத்திடுவார், ஆபீஸில் ரிஜிஸ்டரில் ஏற்றுவார்கள். லெட்டர் எங்கேயாவது தொலையும், மாதக் கடைசியில் சம்பளத்தில் தகராறு வரும். இதற்கென ஒரு செயலி இருந்தால் ஊழியர் டீம்ஸில் தேதியைக் குறித்து அனுப்புவார். சூப்பர்வைசரின் திரையில் ஒரு சிறு அட்டை வரும். அதில் ‘சம்மதம்’, ‘மறுப்பு’ என்று இரண்டு பொத்தான்கள். அவர் அழுத்தியதும் ரிஜிஸ்டரில் தானாகவே ஏறிவிடும். அந்த அட்டையையும் அதன் பின்னால் நடக்கும் வேலையையும் எழுதுபவர்தான் நோட்டீஸ் சொல்லும் டெவலப்பர்.

இதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெங்களூரில் இருக்கும் பிள்ளை ஓர் உதாரணம் சொன்னார். ஸ்லாக்கில் ஒருவர் கட்டளை கொடுத்தால் நமது செயலி 3 விநாடிக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கட்டளை கொடுத்தவருக்குப் பிழைச் செய்திதான் தெரியும். ஆனால் செய்யவேண்டிய வேலைக்கோ அரை நிமிடம் ஆகலாம். ஆகவே முதலில் பதிலை அனுப்பிவிட்டு, வேலையைப் பின்னால் ஓடவிட்டு, முடிந்ததும் இரண்டாவது செய்தியை அனுப்ப வேண்டும். இது ஸ்லாக்குக்கு மட்டுமான தந்திரம் அல்ல. இணையத்தில் இரண்டு கணினிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்ற அடிப்படை தெரிந்தவருக்கு ஒரே நாளில் புரியும். தெரியாதவர் நான்கு மாதம் படித்தாலும் மனப்பாடம்தான் செய்வார்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அனுமதி விஷயம். இந்தச் செயலிகள் கம்பெனியின் தகவல்களைத் தொடுகின்றன. டீம்ஸ் செயலிகள் மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்ற வழியாகத் தகவலைப் பெறுகின்றன. அதில் இரண்டு வகை அனுமதி உண்டு. ஒன்று, லாகின் செய்தவர் எதைப் பார்க்கலாமோ அதை மட்டும் அவர் சார்பில் பார்ப்பது. மற்றொன்று, யாரும் லாகின் செய்யாமலேயே செயலி தன் பெயரில் பார்ப்பது. இரண்டாவது வகையில் மெயில் படிக்கும் அனுமதியைக் கேட்டு, நிர்வாகியும் கட்டுப்பாடு எதுவும் வைக்காமல் சம்மதித்துவிட்டால், அந்தக் கம்பெனியில் உள்ள எல்லோருடைய மெயிலையும் அந்தச் செயலி படிக்கலாம். லீவு லெட்டருக்கு அது எதற்கு? வேலை சுலபமாக முடியட்டும் என்று புதிதாக வருபவர்கள் எல்லா அனுமதியையும் கேட்டு வைத்துவிடுகிறார்களாம். செயலியின் ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் போட்டுவிடுவதும் நடக்கிறது. அமானிதம் என்ற சொல்லை மதரஸாவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. ஆனால் நோட்டீஸில் இருந்த பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரி, எந்த வரிசையில் கற்க வேண்டும்? நான் கேட்ட எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். முதலில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி. பிறகு இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் முறை. அதன் பிறகு லாகின், அனுமதி. டீம்ஸோ ஸ்லாக்கோ கடைசியில்தான். நோட்டீஸில் டீம்ஸ் முதல் வாரத்திலேயே வருகிறது.

இவை அனைத்தையும் காசில்லாமல் படிக்க வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் பாடங்களை ‘மைக்ரோசாஃப்ட் லேர்ன்’ தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்லாக்கும் ஸோஹோவும் தங்கள் விளக்கங்களை அப்படியே வைத்திருக்கின்றன. டீம்ஸில் மட்டும் ஒரு சிக்கல். பழகிப் பார்ப்பதற்கென 25 பேருக்கான சோதனைக் கணக்கை மைக்ரோசாஃப்ட் முன்பு இலவசமாகக் கொடுத்துவந்தது. 2024 தொடக்கத்திலிருந்து அதைக் கட்டணச் சந்தாதாரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. எனவே பயிற்சி நிலையத்தில் சேர்பவர்கள் ‘பழக எங்கள் பெயரில் கணக்கு தருவீர்களா, எத்தனை நாளைக்கு?’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நல்லது என்பது என் அனுபவம். சாதாரண ஜிமெயில் கணக்கு போதும், மொழியும் ஜாவாஸ்கிரிப்ட்தான். நமது டிரஸ்டின் மருத்துவ உதவி விண்ணப்பப் பதிவேட்டைக் கல்லூரியில் படிக்கும் நம் ஊர் மாணவி ஒருவர் இதில்தான் செய்துகொடுத்தார். விண்ணப்பம் வந்தவுடன் குழு உறுப்பினர்களுக்கு மெயில் போய்விடும். அல்ஹம்துலில்லாஹ், முன்பெல்லாம் அந்தக் காகிதங்கள் என் மேசையில் நாட்கணக்கில் கிடக்கும். ரமலானில் நன்கொடையாளர்களுக்கு இதன் வழியாகவே ரசீது அனுப்பப் போய், 100 பேரோடு நின்றுவிட்டது. சாதாரணக் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்ற விதி முன்பே எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை. மீதியை மறுநாள் அனுப்பினோம்.

ஸோஹோவின் கிளிக்கில் ‘டெலூஜ்’ என்ற மொழியில் எழுதுகிறார்கள். படிக்க எளிதாக இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு தகவல்: அந்த நிறுவனம் ‘ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்’ என்ற பெயரில் தானே மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் கடினமானவைதான். இருந்தாலும் விண்ணப்பிப்பதில் நஷ்டம் இல்லை.

சான்றிதழ் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘மைக்ரோசாஃப்ட் 365 டெவலப்பர் சான்றிதழ்’ பெற்றுத் தருவோம் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தேர்வையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது! வேண்டுமென்றே போட்டார்களா, பழைய நோட்டீஸையே மறுபடி அச்சடித்தார்களா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்தத் தேர்வுகள் அடிக்கடி மாறுகின்றன. எந்தத் தேர்வாக இருந்தாலும் அந்தக் கம்பெனியின் தளத்தில் இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வேலை உறுதி என்கிறார்களே? ‘டீம்ஸ் டெவலப்பர்’ என்ற பெயரிலேயே ஆள் எடுப்பது குறைவு என்றே எல்லோரும் சொன்னார்கள். வெப் டெவலப்பராகச் சேர்பவர்களுக்கு இது வேலையின் ஒரு பகுதியாக வருகிறது. இன்டர்வியூவில் சான்றிதழைவிட, நீங்களே செய்த ஒரு செயலியைக் காட்டி, அதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விளக்குவதற்குத்தான் மதிப்பு. செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிற இந்தக் காலத்தில் அந்த ‘ஏன்’ இன்னும் அதிகமாகக் கேட்கப்படுகிறதாம்.

கல்விக் குழு அந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. அந்தச் சகோதரிக்கு வருத்தம்தான். “மற்றவர்களெல்லாம் சேர்க்கிறார்களே அண்ணே” என்றார். பதில் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பதிலாக, பழுதுபார்த்த லேப்டாப் ஒன்றும் ஆறு மாத இணையக் கட்டணமும் கொடுத்திருக்கிறோம். சென்னையில் இருக்கும் நம் பிள்ளை ஒருவர் ஞாயிறுதோறும் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் போனில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பையன் இப்போது பள்ளிவாசல் மையவாடிக் குழுவுக்கு ஒரு பதிவேடு செய்துகொண்டிருக்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. துஆ செய்யுங்கள்.

அந்த ஞாயிறு வகுப்பில் இன்னும் நான்கு பேர் சேரலாம். பெண் பிள்ளைகளுக்கு மருத்துவ உதவிப் பதிவேட்டைச் செய்த மாணவி தனியாகச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். லேப்டாப் இல்லாதவர்களுக்காக அலுவலகத்தில் இரண்டு கணினிகள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் முதல் மக்ரிப் வரை திறந்திருக்கும். வேறு பயிற்சி நிலைய நோட்டீஸ் எதையாவது வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அதை அலுவலகத்தில் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், ஒரு வாரத்தில் விசாரித்துச் சொல்கிறோம்.