தாய்க்கு ரத்தம் பார்ப்பது யார்?

பிள்ளை பெற்றவள் அசதியாக இருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. குழந்தை தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், துணி உலர்த்த வேண்டும், குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அது போகட்டும். முதல் மூன்று மாதங்களுக்கு அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு. பச்சைக்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரவு எது, பகல் எது என்று அதன் உடம்பு பழகுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை தாயின் களைப்புக்குத் தூக்கமின்மையே போதிய காரணம். பிறகும், குழந்தை சேர்ந்தாற்போல் நான்கைந்து மணி நேரம் தூங்கத் தொடங்கி, தாயும் கூடவே தூங்கி, காலையில் எழும்போதே கைகால் ஓய்ந்துபோய்க் கிடந்தால், அந்தக் களைப்பையும் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அவளுக்கு அறிவுரை சொல்லும் முன் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

இதற்கு ஆதாரம் கைவசமே இருக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம். அதாவது, ஏறத்தாழ இருவரில் ஒருத்தி ஏற்கெனவே குறைந்த ரத்தத்தோடுதான் பிரசவ அறைக்குள் போகிறாள். சாதாரணப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். சிசேரியனில் அது ஒரு லிட்டர் வரை போவதுண்டு. இதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். குறைந்த இருப்பிலிருந்து இவ்வளவு போன பிறகு, மீதி இருக்கும் ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டுதான் உடம்பு முழுவதற்கும் பிராணவாயு போய்ச் சேர வேண்டும். பற்றாக்குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது, நின்றபடி சமைத்தால் தலை கிறுகிறுப்பது எல்லாம் இதன் விளைவாக இருக்கலாம். சில பெண்கள் பச்சை அரிசியை மென்றுகொண்டே இருப்பார்கள். பெரியவர்கள் அதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கு அது நன்கு அறியப்பட்ட ஓர் அடையாளம்.

கர்ப்ப காலத்தில் இதற்குக் காவல் உண்டு. மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், விழுங்கினாயா என்று மாமியாரும் கேட்கிறார். பிள்ளை பிறந்த அன்றோடு எல்லாருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. இப்போதுள்ள தேசிய வழிகாட்டுதல்படி இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாட்கள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் சாப்பிட வேண்டும். இந்தப் பின்பாதி பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் நிறுத்திவிடுகிறார்கள், காரணத்தோடுதான். தையல் போட்ட உடம்பில் மலச்சிக்கல் வந்தால் அதைவிட வேதனை வேறில்லை. மாத்திரையை நிறுத்தினால் சரியாகிறது என்று அனுபவத்தில் கண்டுகொள்கிறார்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு என்று இடம் மாறும்போது, மாத்திரை தீர்ந்துபோனதைக் கவனிக்கிற ஆளும் மாறிவிடுகிறார். விழுங்குகிறவர்களிலும் பலர் காலைக் காபியோடு விழுங்குகிறார்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இதில் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு இந்தப் பெண் சுகாதார அமைப்பின் கண்ணில் படாமல் போய்விடுவதில்லை. 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம் என்று தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே வருகிறாள். குழந்தைக்கு எடை பார்க்கிறார்கள், அட்டையில் குறிக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் என்ன மருந்து என்று சொல்கிறார்கள். தூக்கி வந்தவளின் வெளுத்த கண் இமையை யாரும் கீழே இழுத்துப் பார்ப்பதில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தனியாக முகாம் வேண்டாம், அவளைத் தேடிப் போகவும் வேண்டாம்; தடுப்பூசி அட்டையில் தாய்க்கென்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். செவிலியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பதை மறுக்க முடியாது. மூன்று வருகையிலும் பார்க்க வேண்டாம், 14-வது வாரத்தில் ஒரு தடவை பார்க்கட்டும். தூக்கமின்மையின் களைப்பு குறைய வேண்டிய காலமும் அதுவே என்பதால், அப்போது வரும் எண் எதையும் மறைக்காது.

பத்தியச் சாப்பாடே உடம்பைத் தேற்றிவிடும் என்பது மூத்த பெண்களின் கட்சி. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பூண்டும் மிளகும் பால்சுறாப் புட்டும் வேளாவேளைக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க ஒருவர் இருப்பதும் சாதாரண விஷயமில்லை. ஆனால் அதே பத்தியத்தில் சில வீடுகளில் கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று விலக்கு நீள்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டியிருக்கும் நேரத்தில் பட்டியலைச் சுருக்குவது என்ன கணக்கோ தெரியவில்லை. இன்னொரு பக்கம், பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று கைபேசியில் வீடியோ வருகிறது. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகும் என்றால் தக்காளி ரசமே போதுமே! கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அது சற்றுக் கூடும். இருப்பு நல்லபடியாக இருப்பவளுக்கு அது போதும். காலியாகிவிட்டவளுக்கு மாத்திரை வேண்டும், ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் இரும்புச்சத்தை டிரிப்ஸாகவே ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைக் கேட்கலாம். சைவம் மட்டும் உண்பவர்கள் பி12 அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தாய்க்கு இரும்பு குறைந்தாலும் பாலில் அது பெரிதாகக் குறையாது. பி12 அப்படியில்லை, தாய்ப்பாலை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். தன் உடம்புக்காக ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காதவள் இதற்காகவாவது வருவாள்.

களைப்பின் வேர் ரத்தத்தில் இல்லை, வீட்டு வேலையைப் பங்கு போடாத ஆண்களிடம் இருக்கிறது என்பார்கள். 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். எனவே அதில் பொய் இல்லை. ஆனால் கணவர் திருந்தும்வரை ஹீமோகுளோபின் காத்திருக்காது. மனச்சோர்வை மறந்துவிட்டீர்களே என்று கேட்பவர்களுக்கும் இடம் உண்டு. எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் இருக்கிறது, அதையும் கேட்கட்டும். ரத்தசோகையும் மனச்சோர்வும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருக்கலாம் என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் அசதி போகாதவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை வேண்டும். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சியடைவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்களுக்கு நேரும். சுரப்பு குறைந்து உடம்பு மந்தமாவது பெரும்பாலும் நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள். சட்டப்படி கிடைக்கும் 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிற காலமும் அதுவே. எடை கூடுவதையும் முடி கொட்டுவதையும் மறதியையும் அவள் அலுவலகத்தின் மேல் போடுகிறாள். அலுவலகம் குழந்தையின் மேல் போடுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு வருடத்தில் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு மாத்திரை தொடர வேண்டியிருக்கும், எப்படியிருந்தாலும் டி.எஸ்.எச். பரிசோதனை ஒன்றில் விஷயம் தெரிந்துவிடும். இந்த நிதானமெல்லாம் பொருந்தாத களைப்பு ஒன்றும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, தலையணையை உயர்த்தினால்தான் தூங்க முடிகிறது, கால்கள் வீங்குகின்றன என்றால் அது பேறுகால இதயத்தசை நோயாக இருக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து பிந்தைய ஐந்து மாதம் வரை அது தலைகாட்டும். அப்படிப்பட்டவளை அன்றைக்கே இதயப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை மாதத்துக்கு முன் பிரசவம் ஆனது என்பதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.